கோகோ கால்வாய் முதல் டெல்லி வரை: விக்ரம் மிஸ்ரியின் பணிப்பாதை எல்லைத் தீவுகளுக்குச் சொல்வது என்ன?

திக்லிபூர்: அந்தமான் நிகோபார் தீவுகளின் வடகோடியில் உள்ள திக்லிபூர், டெல்லியில் எடுக்கப்படும் வெளியுறவு முடிவுகளின் விளைவுகளை நேரடியாக எதிர்கொள்ளும் ஊர்களுள் ஒன்று. அதற்கும் வடக்கே இந்தியாவின் கடைசி நிலப்பகுதியாக லேண்ட்ஃபால் தீவு அமைந்துள்ளது. அதைத் தாண்டி கோகோ கால்வாய். கால்வாயின் மறுபுறம் மியான்மருக்குச் சொந்தமான கோகோ தீவுகள். இந்த அண்டை நாட்டில் இந்தியத் தூதராகப் பணியாற்றி, பின்னர் சீனாவில் தூதராகவும், துணை தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும் இருந்து, 2024 ஜூலை 15 அன்று வெளியுறவுத் துறைச் செயலராகப் பொறுப்பேற்றவர் விக்ரம் மிஸ்ரி.

பொருளாதார உறவு ஒரு துறை, நாட்டுப் பாதுகாப்பு வேறொரு துறை என்று பிரித்து வைக்கப்பட்டிருந்த காலம் முடிவுக்கு வந்துவிட்டது என்பதை மிஸ்ரியின் பணிப்பாதை தெளிவாகக் காட்டுகிறது. ஓர் அதிகாரியின் வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் அதைப் படித்தால் பதவிகளின் பட்டியலே மிஞ்சும். திக்லிபூர் போன்ற ஓர் எல்லை ஊரிலிருந்து பார்க்கும்போதுதான், அந்தப் பதவிகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் எங்கே பயன் தந்தன, எங்கே நின்றுபோயின என்பது புலப்படும்.

கடலுக்கு அப்பால் ஓர் ஓடுதளம்

வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் மூன்று வட்டங்களுள் மக்கள்தொகையில் பெரியது திக்லிபூர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவ்வட்டத்தில் 43,183 பேர் வசித்தனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள் இங்கு பெருமளவில் குடியேற்றப்பட்டன. அருகிலுள்ள மாயாபந்தர் பகுதியில், 1925இல் பர்மாவிலிருந்து அழைத்துவரப்பட்ட கரேன் சமூகத்தினர் இன்றும் வாழ்கின்றனர். தமிழ் பேசும் குடும்பங்களும் இத்தீவுகளில் பல தலைமுறைகளாக உள்ளன.

இந்த ஊருக்கு அருகிலுள்ள ஷிப்பூரில் கடற்படையின் விமானத் தளம் 2001இல் அமைந்தது. 2019 ஜனவரி 24 அன்று, அப்போதைய கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா அதனை 'ஐஎன்எஸ் கோஹாசா' என்ற பெயரில் முழுமையான கடற்படை நிலையமாகப் பணியில் இணைத்தார். கோஹாசா என்பது வெண்வயிற்றுக் கடற்கழுகைக் குறிக்கும் பெயர். சுமார் 1,000 மீட்டர் நீளமுள்ள ஓடுதளத்தை, பெரிய விமானங்களும் இறங்கும் வகையில் 3,000 மீட்டராக நீட்டிப்பது திட்டம்.

கால்வாயின் மறுபுறமும் ஓடுதளம் வளர்ந்தது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் 2023 மார்ச் மாத இறுதியில் வெளியிட்ட ஆய்வில், கிரேட் கோகோ தீவின் ஓடுதளம் 2,300 மீட்டராக நீட்டிக்கப்பட்டுள்ளதையும், புதிய விமானக் கொட்டகைகள் கட்டப்பட்டுள்ளதையும் செயற்கைக்கோள் படங்களின் அடிப்படையில் சுட்டிக்காட்டியது. லேண்ட்ஃபால் தீவிலிருந்து அத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. சீனாவுக்கு அங்கு இடம் தரப்படவில்லை என்று மியான்மர் மறுத்து வருகிறது. கோகோ தீவில் சீன ஒட்டுக்கேட்பு நிலையம் உள்ளது என்ற பேச்சு 1990களிலிருந்தே உலவுகிறது. 2005இல் இந்தியக் கடற்படைத் தலைமையே அப்படியொரு நிலையம் இல்லை என்ற முடிவைத் தெரிவித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கோகோ தீவுகளை இந்தியா தாரை வார்த்தது என்று சமூக ஊடகங்களில் அவ்வப்போது பரவும் கூற்றுக்கும் வரலாற்றில் வேறு விளக்கம் உள்ளது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே அத்தீவுகள் பர்மா நிர்வாகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. 1937இல் பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டபோது அவை பர்மாவுடனேயே சென்றன. இரு நாடுகளுக்கும் இடையிலான கடல் எல்லையை வரையறுக்கும் ஒப்பந்தம் 1986 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் கையெழுத்தானது. அந்தமான் கடல், கோகோ கால்வாய், வங்காள விரிகுடா ஆகிய மூன்று பகுதிகளிலும் கோடு வரையப்பட்டது. திக்லிபூருக்குக் கிழக்கே கடலில் தனித்து நிற்கும் எரிமலைத் தீவான நார்கொண்டம் இந்தியாவின் பக்கம் உறுதியானது.

பேச்சுவார்த்தை மேசையில் நிதானமாகச் செய்யப்படும் வேலை பல பத்தாண்டுகளுக்கு எல்லையை அமைதியாக வைத்திருக்கும் என்பதற்கு இந்தக் கோடு சான்று. அந்த மேசையில் அமர்பவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்ற கேள்வி அதனால்தான் முக்கியத்துவம் பெறுகிறது.

விளம்பரத் துறையிலிருந்து வெளியுறவுப் பணிக்கு

1964 நவம்பர் 7 அன்று ஸ்ரீநகரில் பிறந்த மிஸ்ரி, டெல்லி இந்துக் கல்லூரியில் வரலாறு பயின்றவர். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ நிறுவனத்தில் மேலாண்மைப் பட்டமும் பெற்றார். குடிமைப் பணிக்கு வருமுன் சுமார் மூன்று ஆண்டுகள் விளம்பர நிறுவனங்களில் பணியாற்றினார். 1989ஆம் ஆண்டு அணியில் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

பிரஸ்ஸல்ஸ், துனிஸ், இஸ்லாமாபாத், வாஷிங்டன் ஆகிய தலைநகரங்களில் உள்ள இந்தியத் தூதரகங்களில் அவர் பணிபுரிந்துள்ளார். இலங்கையில் துணைத் தூதராகவும், ஜெர்மனியின் மியூனிக் நகரில் தலைமைத் துணைத் தூதராகவும் இருந்தார். ஐ.கே.குஜ்ரால், மன்மோகன் சிங், நரேந்திர மோடி என மூன்று பிரதமர்களிடம் தனிச் செயலராகப் பணியாற்றியவர் என்பது அவரது பணிக்குறிப்பில் தனித்து நிற்கும் செய்தி. அரசியல் பார்வையில் வேறுபட்ட மூன்று தலைமைகளின் அலுவலகத்திலும் ஒரே அதிகாரி நம்பிக்கைக்குரியவராக இருந்திருக்கிறார். வெளியுறவுக் கொள்கையின் தொடர்ச்சியை அதிகாரிகளே தாங்கி நிற்கின்றனர் என்பதை இது உணர்த்துகிறது.

வணிகத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கே பார்த்த அதிகாரிகள் முன்பும் இருந்தனர். தற்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ்.ஜெய்சங்கர், இளம் அதிகாரியாக இலங்கையில் இந்திய அமைதிப் படையின் அரசியல் ஆலோசகராக இருந்துவிட்டு, அடுத்ததாக புடாபெஸ்டில் வணிகப் பிரிவைக் கவனித்தவர். அவருடைய தந்தை, திருச்சியில் பிறந்த கே.சுப்பிரமணியம், தமிழ்நாடு பிரிவு ஐஏஎஸ் அதிகாரியாகத் தொடங்கி, நாட்டின் பாதுகாப்புச் சிந்தனையை வடிவமைத்தவர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1999 கார்கில் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. அந்தத் தலைமுறைக்கு இது தனிப்பட்ட ஆர்வத்தால் வந்த கலவை. மிஸ்ரியின் காலத்தில் பதவிகளின் அமைப்பே அதைக் கோருகிறது.

மியான்மர்: துறைமுகம் வந்தது, பாதை வரவில்லை

ஸ்பெயினில் தூதராக இருந்த மிஸ்ரி, 2016இல் மியான்மருக்கு அனுப்பப்பட்டு 2018 வரை அங்கு பணியாற்றினார். ஆங் சான் சூச்சியின் கட்சி ஆட்சிக்கு வந்திருந்த காலம் அது. ஜனநாயகத்தை நோக்கி நகரும் அண்டை நாட்டுடன் சாலை, துறைமுகம், எல்லைச் சந்தை ஆகியவற்றின் வழியே நெருங்குவது இந்தியாவின் அணுகுமுறையாக இருந்தது.

அந்த அணுகுமுறைக்கு முதல் சோதனை 2017 ஆகஸ்டில் வந்தது. ரக்கைன் மாகாணத்தில் வெடித்த வன்முறையால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்குத் தப்பிச் சென்றனர். மியான்மர் ராணுவத்தைப் பகிரங்கமாகக் கண்டிப்பதைத் தவிர்த்த இந்தியா, அகதிகளுக்கு நிவாரணப் பொருள்களை வங்கதேசத்துக்கு அனுப்பியது. 2017 டிசம்பரில் ரக்கைன் மேம்பாட்டுக்காக ஐந்து ஆண்டுகளில் 2.5 கோடி டாலர் வழங்கும் ஒப்பந்தத்தை மியான்மருடன் செய்துகொண்டது. திரும்பி வரும் மக்களுக்கென 250 வீடுகள் கட்டப்பட்டு 2019இல் ஒப்படைக்கப்பட்டன. வீடுகள் தயாராக இருந்தும், பெருமளவிலான மக்கள் திரும்பிச் செல்லும் சூழல் உருவாகவில்லை.

2018 மே மாதம், அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மியான்மர் சென்றபோது, தரைவழி எல்லைக் கடப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பாஸ்போர்ட், விசாவுடன் இரு நாட்டு மக்களும் தரைவழியாகச் சென்றுவர அது வழி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், சிட்வே துறைமுகத்தை இயக்குவதற்குத் தனியார் நிறுவனத்தை நியமிப்பது தொடர்பான புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஏற்பட்டது.

சிட்வே துறைமுகம் கலாதான் பல்முனைப் போக்குவரத்துத் திட்டத்தின் ஓர் அங்கம். 2008இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட இத்திட்டத்தின்படி, கொல்கத்தாவிலிருந்து சரக்குகள் 539 கிலோமீட்டர் கடல்வழியாகச் சிட்வேயை அடைய வேண்டும். அங்கிருந்து கலாதான் ஆற்றில் 158 கிலோமீட்டர் பயணித்துப் பலேத்வா செல்ல வேண்டும். பிறகு சாலை வழியாக மிசோரம் எல்லைக்கு வந்துசேர வேண்டும். 2023 மே 9 அன்று முதல் சரக்குக் கப்பல் சிமெண்டுடன் சிட்வேயை அடைந்தது.

ஆனால் அதற்குள் மியான்மரின் நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர் பரவியது. 2024 ஜனவரியில் பலேத்வா நகரம் அராக்கன் படையின் கைக்குச் சென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரக்கைனின் 17 நகராட்சிப் பகுதிகளில் 14ஐ அப்படை பிடித்துவிட்டது. சிட்வே உள்ளிட்ட மூன்று பகுதிகள் மட்டும் ராணுவத்தின் வசம் நீடித்தன. இதனால் துறைமுகம் ஒரு தரப்பிடமும், அதிலிருந்து செல்லும் ஆற்றுப்பாதை மற்றொரு தரப்பிடமும் சிக்கிக்கொண்டன.

2024 பிப்ரவரியில், மியான்மருடனான 1,643 கிலோமீட்டர் எல்லை முழுவதும் வேலி அமைக்கப்படும் என்றும், எல்லையோர மக்கள் தடையின்றிச் சென்றுவரும் முறை முடிவுக்கு வரும் என்றும் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். ஆறே ஆண்டுகளில் திறப்பு விழாவிலிருந்து வேலிக்கு நிலைமை மாறியது. முதல் முடிவின்போது தூதராகவும், இரண்டாவது முடிவின்போது பாதுகாப்பு அமைப்பின் உயர் அதிகாரியாகவும் மிஸ்ரி இருந்தார் என்பது, ஒரே அதிகாரி எத்தகைய எதிரெதிர் சூழல்களில் பணியாற்ற வேண்டியுள்ளது என்பதைக் காட்டுகிறது.

மியான்மரின் சிதைவு கடல் வழியாக அந்தமானையும் தொட்டது. 2024 நவம்பரில், பேரன் தீவுக்கு அருகே மியான்மரைச் சேர்ந்த மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 6,000 கிலோ மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளை இந்தியக் கடலோரக் காவல்படை கைப்பற்றி, படகில் இருந்த ஆறு பேரைக் கைது செய்தது. அக்காவல்படையின் வரலாற்றில் அதுவரை கண்டிராத அளவு அது. வடக்கு அந்தமான் கடலில் கடல் அட்டைகளைத் திருடும் அயல்நாட்டுப் படகுகளும் நெடுங்காலத் தலைவலி. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இங்கு போர்க்கப்பலைவிட முதலில் நினைவுக்கு வருவது, விளக்கை அணைத்துவிட்டு வரும் இத்தகைய படகுகள்தான்.

பெய்ஜிங்: மாமல்லபுரமும் கல்வானும்

2019 தொடக்கத்தில் மிஸ்ரி சீனாவுக்கான தூதரானார். அதே ஆண்டு அக்டோபர் 11, 12 ஆகிய நாள்களில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். கடற்கரைக் கோயில் பின்னணியில் இரு தலைவர்களும் நடந்த படங்கள் தமிழ்நாட்டு மக்களின் நினைவில் இன்னும் உள்ளன. வர்த்தகப் பற்றாக்குறையைப் பற்றிப் பேச உயர்நிலைப் பொருளாதார, வணிகப் பேச்சு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தலாம் என்பது அச்சந்திப்பின் முக்கிய முடிவு. இந்தியத் தரப்பில் அதற்கு நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமை வகிப்பார் என்றும் அறிவிக்கப்பட்டது.

எட்டு மாதங்கள் கழித்து, 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அதற்கு முன்பே, 2020 ஏப்ரலில், நில எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் நேரடி முதலீட்டுக்கு அரசின் முன்அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. மோதலுக்குப் பின் ஜூன் 29 அன்று, டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. எல்லையில் நடந்த சம்பவத்துக்கான பதில் கைப்பேசித் திரையிலும் தெரிந்தது.

எனினும் வணிகம் வேறு திசையில் சென்றது. சீனச் சுங்கத் துறைக் கணக்கின்படி, 2021இல் இருதரப்பு வர்த்தகம் 12,500 கோடி டாலரைத் தாண்டிப் புதிய உச்சத்தைத் தொட்டது. எல்லையில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்ற ஆண்டில்தான் துறைமுகங்களில் சீனச் சரக்குகள் மிகுதியாக இறங்கின. 2024-25 நிதியாண்டில் சீனாவுடனான இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை 9,920 கோடி டாலராக உயர்ந்தது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, இந்திய வாகன உற்பத்தித் துறை உடனடியாகக் கவலை தெரிவித்தது. ஒரு நாட்டிடம் எதை வாங்குகிறோம் என்பது, அந்நாடு நம் எல்லையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் போலவே முக்கியமானது என்ற பாடத்தை இக்காலம் கற்பித்தது.

பாதுகாப்பு அமைப்புக்குள் பொருளாதாரம்

2022 ஜனவரியில் மிஸ்ரி துணை தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக நியமிக்கப்பட்டார். பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்த 1998ஆம் ஆண்டில் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் உருவாக்கப்பட்டது. பிரஜேஷ் மிஸ்ரா முதல் ஆலோசகர். ஆரம்பத்தில் அணு ஆயுதம், பயங்கரவாதம், உளவுத் தகவல் ஆகியவையே அதன் முதன்மைப் பணிகளாகக் கருதப்பட்டன. இன்று அதன் செயலகம் கையாளும் பொருள்களில் சிப் உற்பத்தி, தொலைத்தொடர்புக் கருவிகள், செயற்கை நுண்ணறிவு, அரிய கனிமங்கள் ஆகியவையும் அடங்கும்.

இந்த மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்காவுடனான முக்கியத் தொழில்நுட்பக் கூட்டு முயற்சி. 2022 மே மாதம் டோக்கியோவில் அறிவிக்கப்பட்டு, 2023 ஜனவரி 31 அன்று வாஷிங்டனில் முதல் கூட்டம் நடந்தது. வழக்கமாக வணிக அமைச்சகமோ தொழில்நுட்ப அமைச்சகமோ முன்னின்று நடத்த வேண்டிய இந்தப் பேச்சுக்கு, இரு நாடுகளின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களான அஜித் தோவலும் ஜேக் சல்லிவனும் தலைமை தாங்கினர். மிஸ்ரி அச்செயலகத்தில் இருந்த இரண்டரை ஆண்டுகளும் இந்தப் புதிய வழக்கம் வேரூன்றிய காலம்.

ஆயினும் இந்தக் கூட்டு எல்லாச் சிக்கல்களையும் தீர்த்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது முதலில் 25 விழுக்காடும், ரஷ்யக் கச்சா எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி மேலும் 25 விழுக்காடும் வரி விதித்தது. சிப் பற்றியும் போர் விமான இயந்திரம் பற்றியும் நெருக்கமாகப் பேசிய அதே நாடு, திருப்பூர் பின்னலாடைக்கும் ஆந்திர இறாலுக்கும் கதவைக் குறுக்கியது. பாதுகாப்பு நெருக்கம் வணிகச் சலுகையைத் தானாகக் கொண்டுவராது என்பது இந்த நிகழ்வின் பாடம்.

மைக்குகளின் முன் வந்த அதிகாரி

வெளியுறவுச் செயலரான பின் மிஸ்ரி கையாண்ட முக்கிய விவகாரங்கள் அனைத்திலும் இந்த இரட்டைத் தன்மை தெரிகிறது. 2024 அக்டோபர் 21 அன்று, கிழக்கு லடாக்கில் ரோந்து தொடர்பாகச் சீனாவுடன் உடன்பாடு ஏற்பட்டதை அவரே அறிவித்தார். 2025 ஜனவரியில் பெய்ஜிங் சென்று, கைலாஷ் மானசரோவர் யாத்திரையையும் நேரடி விமானச் சேவையையும் மீண்டும் தொடங்குவதற்கான இசைவைப் பெற்றார். அதே மாதம் துபாயில் தாலிபான் அரசின் வெளியுறவுப் பொறுப்பாளர் அமீர் கான் முத்தாக்கியைச் சந்தித்தார். அப்போது ஈரானின் சாபஹார் துறைமுகத்தை வர்த்தகத்துக்குப் பயன்படுத்துவது பற்றியும் பேசப்பட்டது. 2024 டிசம்பரில், ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்த பின் உறவு கசந்திருந்த டாக்காவுக்கும் சென்று திரும்பினார்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். அதற்கு மறுநாள், சிந்து நதிநீர் ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படுவதையும் அட்டாரி ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி மூடப்படுவதையும் நாட்டுக்கு அறிவித்தவர், ஸ்ரீநகரில் பிறந்த இந்த அதிகாரிதான். ஆற்று நீரும் எல்லை வணிகமும் பாதுகாப்புக் கருவிகளாக மாறிய நாள் அது. மே 7 அன்று 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியபோது, கர்னல் சோஃபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் ஆகியோருடன் அமர்ந்து செய்தியாளர்களிடம் விளக்கினார். மே 10 மாலை சண்டை நிறுத்தத்தை அறிவித்ததும் அவரே.

அந்த அறிவிப்புக்குப் பின் அவரும் அவரது குடும்பத்தினரும் சமூக ஊடகங்களில் கடும் வசைக்கு ஆளாயினர். அவர் தமது எக்ஸ் தளக் கணக்கைப் பொதுப்பார்வையிலிருந்து பூட்டிக்கொள்ள நேர்ந்தது. ஐஏஎஸ், ஐஎஃப்எஸ் அதிகாரிகள் சங்கங்களும் பல கட்சித் தலைவர்களும் அவருக்கு ஆதரவு தெரிவித்தனர். அரசியல் தலைமை எடுத்த முடிவை வாசித்த அதிகாரி மீது கோபம் திரும்பியது, இவ்வகைப் பதவிகளின் புதிய ஆபத்தை வெளிப்படுத்தியது. திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் திரைக்கு முன்னால் வந்துவிட்டனர். முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் முன்பிருந்த இடத்திலேயே உள்ளது.

விமர்சனங்களுக்கு இடம் உண்டு

இந்த அமைப்பு முறை குறித்து எழும் கேள்விகளையும் புறந்தள்ள இயலாது. முதலாவது, பொறுப்புக்கூறல். வணிகமும் தொழில்நுட்பமும் பாதுகாப்பு விவகாரங்களாக மாறும்போது, அவை பற்றிய தகவல்கள் ரகசியத் திரைக்குள் சென்றுவிடுகின்றன. அமைச்சகத்திடம் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம்; பாதுகாப்புச் செயலகத்திடம் அந்த வாய்ப்பு குறைவு. 2025 மே 19 அன்று சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழு முன் மிஸ்ரி நேரில் விளக்கமளித்தது வரவேற்கத்தக்க நடைமுறை. பொருளாதாரப் பாதுகாப்பு முடிவுகளுக்கும் அது விரிய வேண்டும்.

இரண்டாவது, பதவிக்கால நீட்டிப்பு. 2024 நவம்பரில் ஓய்வு பெறவிருந்த மிஸ்ரிக்கு, 2026 ஜூலை 14 வரை பணி நீட்டிப்பு வழங்கப்பட்டது. நெருக்கடி காலத்தில் அனுபவம் தொடர வேண்டும் என்பது அரசின் தரப்பு. ஒரே சிலரைச் சுற்றியே அனுபவம் குவிந்தால் அடுத்த வரிசை எப்போது பழகும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

மூன்றாவது, அளவுகோல். ஒரு தூதரின் வெற்றியைக் கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கையால் அளந்தால் மியான்மர் காலம் வெற்றி. சரக்கு எல்லையைத் தொட்டதா என்று அளந்தால் விடை வேறு. கலாதான் பாதை முடங்கியதற்கு எந்தத் தனி அதிகாரியும் காரணம் இல்லை. ஆட்சிக் கவிழ்ப்பை எந்தத் தூதரகமும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அண்டை நாட்டின் அரசை மட்டுமே நம்பி ஒரு பாதையை அமைத்தால், அந்த அரசு தளரும்போது பாதையும் அறுந்துபோகும் என்ற உண்மை, இனி வரும் திட்டங்களில் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

திக்லிபூர் எழுப்பும் கேள்வி

எல்லைப் பகுதிகளை வளப்படுத்துவதே சிறந்த பாதுகாப்பு என்ற கருத்தை மத்திய அரசு ஏற்றுக்கொண்டுள்ளது. சீன எல்லையை ஒட்டிய ஊர்களுக்கென 2023இல் 'துடிப்பான கிராமங்கள்' திட்டம் தொடங்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டத்துக்கு 6,839 கோடி ரூபாய் ஒதுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் மற்ற நில எல்லைகளும் சேர்க்கப்பட்டன. நில எல்லை என்பதே அளவுகோல் என்பதால் அந்தமான் நிகோபார் அப்பட்டியலில் இல்லை. மியான்மரை மிசோரம் வழியாகப் பார்க்கும் கிராமம் எல்லைக் கிராமமாகக் கணக்கிடப்படுகிறது. அதே மியான்மரைக் கடல் வழியாகப் பார்க்கும் திக்லிபூருக்கு அந்தத் தகுதி இல்லை.

2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் தொடங்கிவைத்த சென்னை-அந்தமான் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள், 2,312 கிலோமீட்டர் நீளமுடையது. வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தில் லாங் தீவிலும் ரங்கத்திலும் அது கரையேறுகிறது. திக்லிபூர் அதன் நேரடி இறங்குமிடங்களுள் இல்லை. தலைநகரான ஸ்ரீ விஜய புரத்துக்குச் சாலை வழியாகச் செல்ல சுமார் 300 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். அந்தச் சாலையின் ஒரு பகுதி ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்வதால், குறித்த நேரங்களில் காவல் துணையுடன் மட்டுமே வாகனங்கள் அனுமதிக்கப்படுகின்றன. அப்பழங்குடியினரின் பாதுகாப்புக்கு அந்தக் கட்டுப்பாடு அவசியம். எனவே கடல்வழி, வான்வழிப் போக்குவரத்தை வலுப்படுத்துவது தவிர்க்க இயலாத தேவையாகிறது. ராணுவத்துக்கென நீட்டிக்கப்படும் ஓடுதளம் பொதுமக்களின் விமானத்துக்கும் நோயாளிகளின் அவசரப் பயணத்துக்கும் பயன்பட்டால், பாதுகாப்புச் செலவு வளர்ச்சிச் செலவாகவும் மாறும்.

கடல் வளமும் அப்படியே. நாட்டின் தனிப் பொருளாதாரக் கடற்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு இத்தீவுகளைச் சுற்றியே உள்ளது. இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் சூரை மீன் பிடிக்க வாய்ப்புள்ளதாக மத்திய மீன்வளத் துறை மதிப்பிடுகிறது. குளிர்பதன வசதியும் ஏற்றுமதி இணைப்பும் இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை காகிதத்தில்தான் இருக்கும். கடலில் சொந்த நாட்டு மீன்பிடிப் படகுகள் மிகுந்தால், அயல் படகுகளின் நடமாட்டம் முதலில் அவற்றின் கண்ணில்தான் படும். பொருளாதாரமும் பாதுகாப்பும் ஒன்றையொன்று தாங்கும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

இரண்டும் மோதும் இடங்களும் உள்ளன. நார்கொண்டம் தீவில் கடலோரக் காவல்படை ரேடார் அமைக்கும் முன்மொழிவை, அங்கு மட்டுமே வாழும் நார்கொண்டம் இருவாச்சிப் பறவையைக் கருத்தில் கொண்டு 2012இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் நிராகரித்தார். 2014இல் புதிய அரசு பொறுப்பேற்ற சில வாரங்களில் அதற்கு அனுமதி வழங்கப்பட்டது. பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல் மற்ற எல்லாக் கணக்குகளையும் முடித்துவிடலாமா என்பது இத்தீவுகளில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி.

மிஸ்ரிக்குப் பின் அப்பதவிக்கு வருபவரும் இதே கோப்புகளையே கையில் எடுப்பார். மியான்மரில் யாருடன் பேசுவது, சீனாவிடம் எதை வாங்குவது, அமெரிக்காவிடம் எதைக் கேட்பது என்பவை அவரது மேசையில் காத்திருக்கும். கடல் எல்லையில் வாழும் மக்களையும் எல்லை மக்களாகக் கருதி ஒரு திட்டம் வகுப்பது வெளியுறவு அமைச்சகத்தின் வேலை மட்டும் இல்லை. உள்துறை, மீன்வளம், கப்பல் போக்குவரத்து ஆகிய துறைகளும் சேர்ந்தே அதைச் செய்ய வேண்டும். பொருளாதாரத்தையும் பாதுகாப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்துள்ள டெல்லி, அதே மேசையில் திக்லிபூர் போன்ற கடலோர எல்லை ஊர்களுக்கும் இடம் ஒதுக்குமா என்பதைப் பொறுத்தே இந்தப் புதிய அணுகுமுறையின் உண்மையான பயன் அமையும்.